முதல் விசேஷ கேக் டின்: டெல்டா வீட்டு அடுப்புக்கு எதை வாங்குவது?

வீட்டில் வட்ட டின் ஒன்று இருக்கிறது, சதுர டின் ஒன்று இருக்கிறது. கேக் நன்றாகவே வருகிறது. அடுத்து ஒரு விசேஷ டின் வாங்கலாம் என்று கிளம்பும்போதுதான் தலை சுற்றும். மடிப்பு மடிப்பாக அலங்காரம் வைத்த பண்ட் டின், வளையத்தைக் கழற்றி எடுக்கும் ஸ்பிரிங்ஃபார்ம், ரொட்டி டின், மஃபின் ட்ரே, அடித்தட்டு தனியாக வரும் டார்ட் டின், சிப்பி வடிவ மேட்லின் தட்டு. எதைப் பார்த்தாலும் வேண்டும் போலத்தான் இருக்கும். ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கினால் பரண் நிறையும், அவ்வளவுதான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்து வீடுகளில் சின்ன ஓடிஜியை (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) வைத்துக்கொண்டு, பெரும்பாலும் முட்டையில்லாத கேக் செய்கிறவர்களுக்கு முதல் விசேஷ டின், நடுவில் குழாய் உள்ள சிறிய பண்ட் டின்தான். வாரம் தவறாமல் வீட்டிலேயே ரொட்டி சுடுகிறவர்கள் மட்டும் ரொட்டி டின்னை முதலில் வாங்கலாம். ஏன் என்பதையும், கடையில் நின்று எதைப் பார்த்து எடுப்பது என்பதையும் ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: கைவசம் இருப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்

ஒரே ஒரு பலகாரத்துக்கென்று ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. இட்லிக் கொப்பரையில் வேறெதுவும் வேகாது. ஆப்பச்சட்டியில் தோசை ஊற்றினால் பாட்டியிடம் திட்டு விழும். ஆகவே, வெளிநாட்டுப் பெயரோடு வருகிற ஒரு தட்டைப் பார்த்ததும், இதன் உறவுக்காரர் ஏற்கெனவே நம் அடுக்களையில் இருக்கிறாரா என்று யோசித்துவிடுவது நல்லது.

டென்மார்க்கில் கிறிஸ்துமஸுக்கு ஏப்ளஸ்கீவர் என்ற உருண்டைப் பலகாரம் சுடுவார்கள். அதற்கென்றே குழிகள் வைத்த இரும்புக்கல் விற்கிறது. பார்த்தால் நம் பணியாரக்கல்தான். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியர்கள் கையில் இருந்தது. யார் கல்லைப் பார்த்து யார் வார்த்தார்கள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. அந்தக் கல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொரு யோசனையும் வரும்: பரணில் இருக்கும் ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தையே ஓவனுக்குள் வைத்தால் என்ன? வைக்காதீர்கள். பூச்சுக்குப் பயன்படும் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஓடிஜியின் திருகை 250 வரை போகிறது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் உள்ளே தண்ணீர் இருப்பதால் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், பூச்சு பிழைத்துக்கொள்ளும். ஓவனில் அந்தக் காவல் இல்லை. பிரான்ஸில் கானலே என்ற சிறு கேக்குக்கு ஈயம் பூசிய செம்பு அச்சுதான் மரபு என்பது உண்மை. அவர்களும் வெறும் அச்சைக் கடும் சூட்டில் விட்டுவைப்பதில்லை.

படி 2: அடுப்பை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான். பலரும் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

ஓடிஜியின் மேல் எழுதியிருக்கும் 16 லிட்டர், 20 லிட்டர் என்பதெல்லாம் உள்ளே இருக்கும் மொத்த இடத்தின் கணக்கு. டின்னுக்குக் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. கம்பித் தட்டைக் கீழ் வரிசையில் வைத்து, அகலம், ஆழம், தட்டிலிருந்து மேலே சூடேறும் கம்பி வரை உள்ள உயரம் மூன்றையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். அகலத்திலும் ஆழத்திலும் பக்கத்துக்கு இரண்டரை செ.மீ. கழித்துவிடுங்கள், சூடான காற்று சுற்றிவர அந்த இடைவெளி வேண்டும். உயரத்தில், கேக் உப்பி எழுந்த பிறகும் மேல் கம்பிக்கு ஐந்து செ.மீ.யாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் உள்ளே மாவாக இருக்கும்போதே மேலே கருகிவிடும்.

டின்னின் காதுகளும் அளவில் சேர்த்திதான். இணையத்தில் வாங்கும்போது 20 செ.மீ. என்று போட்டிருப்பது வாயின் உள்விட்டமா, காது முதல் காது வரையா என்று பார்த்துவிடுங்கள். ஒரு செய்தித்தாளை டின்னின் அளவுக்கு வட்டமாக வெட்டி ஓவனுக்குள் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. உள்ளே தட்டு சுழலுகிறது; டின்னின் நீளமான பக்கம் சுவரில் இடிக்காமல் சுற்றிவர வேண்டும். வட்ட டின் தப்பித்துவிடும், நீளமான ரொட்டி டின் இடிக்கும். உலோக டின்னைக் கன்வெக்ஷன் முறையில் மட்டும் வையுங்கள், மைக்ரோவேவ் முறையில் வேண்டவே வேண்டாம். குக்கரில் கேக் செய்கிறவர்கள் குக்கரின் வாயையும் உள்விட்டத்தையும் அளந்துவிட்டு மேலே படியுங்கள். ஐந்து லிட்டர் குக்கருக்குள் பெரும்பாலான பண்ட் டின்கள் இறங்கா.

படி 3: உங்கள் வீட்டில் எந்த கேக் தீர்ந்துபோகிறது?

படத்தில் பார்த்து மயங்கியது எது என்பது கணக்கில்லை. கடைசித் துண்டு வரை தீர்ந்துபோனது எது என்று யோசியுங்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அது பூவன் பழ கேக், பேரீச்சை கேக், ரவை கேக், தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டது என்று சாயங்காலக் காபிக்குத் தொட்டுக்கொள்ளும் வகையாக இருக்கும். கிரீம் தடவியது பிறந்தநாளுக்கு மட்டும்.

கிரீம் பற்றியும் ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் வெண்ணெய் கிரீம் தடவிய கேக்கைக் கூடத்து மேசையில் வைத்தால், மெழுகுவத்தி ஏற்றி முடிப்பதற்குள் ஓரம் சரியத் தொடங்கும். பாலில் எடுத்த வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடுகிற பொருள். நம் மே மாதத்துப் பகல் அதைத் தாண்டிய சூடு. அலங்காரமில்லாமலே பந்தியில் வைக்கத் தகுந்த கேக் நமக்கு வேண்டும். பண்ட் டின் செய்வது அந்த வேலையைத்தான். மடிப்புகளே அலங்காரம், மேலே சர்க்கரைப் பொடி தூவினால்கூடப் போதும்.

இரண்டாவது காரணம் அழகைவிட முக்கியமானது. முட்டையில்லாத மாவு கனமானது. வட்ட டின்னில் ஓரம் வெந்து, நடு மட்டும் களிபோல நின்று, வெளியே எடுத்ததும் பள்ளமாக அமுங்கும். சின்ன ஓடிஜியில் கம்பிகள் கிட்டத்தில் இருப்பதால் தொல்லை இன்னும் அதிகம். குழாய் வைத்த டின்னில் அந்த நடுவே கிடையாது. சூடு வெளிச்சுவரிலிருந்தும் குழாயிலிருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போகிறது. மாவின் எந்தப் பகுதியும் சூடான உலோகத்திலிருந்து அதிக தூரத்தில் இருப்பதில்லை. பழமும் வெல்லமும் சேர்ந்த ஈரமான மாவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

படி 4: மற்றவற்றை ஏன் பிறகு வாங்கலாம்

ரொட்டி டின்: பண்ட் டின்னுக்குச் சரியான போட்டி இதுதான். ஏறத்தாழ 21 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் உள்ள டின்னில் 350 கிராம் மாவு போட்ட ரொட்டி வரும். அதே டின்னில் பழ கேக்கும் சுடலாம். வெட்டினால் ஒரே அளவாகத் துண்டு விழும். குறை, உயரம்தான். ரொட்டி உப்பி, டின்னின் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கும், சின்ன ஓடிஜியில் மேல் கம்பியில் முட்டும். நம் ஊர் வெக்கையில் ஈஸ்ட் மாவு குறித்த நேரத்துக்கு முன்பே பொங்கிவிடுவதால் இன்னும் கவனம் வேண்டும்.

மஃபின் ட்ரே: 12 குழி உள்ளது ஏறத்தாழ 35 செ.மீ. நீளம் இருக்கும், 16 லிட்டர் ஓவனில் நுழையாது. 6 குழி நுழையும். ஆனால் ஒரு கலவையை இரண்டு முறை வேகவைக்க வேண்டிவரும், இரண்டாவது பாதி அதுவரை கிண்ணத்தில் காத்திருந்து சோடாவின் வேகத்தை இழக்கும். தனித்தனி அலுமினியக் கப் அச்சுகளை வாங்கித் தட்டில் அடுக்கினால் காரியம் முடிந்தது.

ஸ்பிரிங்ஃபார்ம்: சீஸ் கேக் செய்யாதவர்களுக்கு வேலையே இல்லை. செய்கிறவர்களுக்கும் அடித்தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் மாவு ஒழுகும். தண்ணீர்த் தட்டில் வைத்தால் வெளித் தண்ணீர் உள்ளே வரும். அலுமினியத் தாளைச் சுற்ற வேண்டும். கொக்கி தளர்ந்துபோன ஸ்பிரிங்ஃபார்மைக் கட்டியாள முடியாது.

டார்ட், மேட்லின்: ஒன்றுக்கு மேல் ஒன்று ஆசை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன். நடுக்குழாய் உள்ள எல்லாமே ஒன்றல்ல. சுவர் நேராகவும் அடித்தட்டு கழலும்படியும் இருப்பது ஏஞ்சல் கேக், சிஃபான் கேக் வகைகளுக்கானது. அடித்த வெள்ளைக்கருவின் பலத்தில் எழும்பும் அந்த மாவு சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும் என்பதால் அந்த டின்னில் நெய் தடவக் கூடாது, ஒட்டாத பூச்சும் கூடாது, வெந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து ஆறவைக்க வேண்டும். நாம் தேடுவது மடிப்புச் சுவரும் கழலாத அடியும் உள்ள பண்ட் டின்.

அதன் பூர்வீகம் மத்திய ஐரோப்பாவின் கூகல்ஹூஃப் அச்சு. அமெரிக்காவில் மினியாபொலிஸ் பக்கத்து நார்டிக் வேர் நிறுவனத்தின் டேவிட் டால்குவிஸ்ட், ஹடாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பினர் கேட்டுக்கொண்டதால் 1950இல் அதை வார்ப்பு அலுமினியத்தில் செய்துகொடுத்தார். பல ஆண்டுகள் விற்பனை மந்தம். 1966இல் பில்ஸ்பரி சமையல் போட்டியில் அந்த டின்னில் செய்த சாக்லேட் கேக் ஒன்று இரண்டாம் பரிசு பெற்றது. அதன் பிறகு கடைகளில் நிற்கவில்லை.

படி 5: கொள்ளளவு

நம் ஊர்க் கடையில் "அரை கிலோ டின்னா, ஒரு கிலோ டின்னா?" என்றுதான் கேட்பார்கள். அது கேக்கின் எடையை வைத்துப் பேசும் குத்துமதிப்பான வழக்கு. பண்ட் டின்னுக்கு அந்தப் பேச்சு உதவாது. லிட்டரில் கேளுங்கள்.

பெரிய பண்ட் டின்னின் கொள்ளளவு 10 கப் அல்லது 12 கப் என்று அட்டையில் இருக்கும். கப் என்பது 240 மி.லி. ஆக, 12 கப் என்றால் ஏறத்தாழ 2.9 லிட்டர். நான்கு பேர் வீட்டுக்கு இது மிக அதிகம், சின்ன ஓடிஜிக்கும் ஆகாது. 6 கப் டின்னை வாங்குங்கள், 1.4 லிட்டர் பிடிக்கும்.

இந்த அளவில் ஒரு வசதி இருக்கிறது. 18 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள வட்ட டின் சுமார் 1.27 லிட்டர், 20 செ.மீ. விட்டமுள்ளது சுமார் 1.57 லிட்டர். 1.4 லிட்டர் இவை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆகவே இதுவரை வட்ட டின்னில் செய்துவந்த கலவையையே மாற்றாமல் ஊற்றலாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். மிஞ்சினால் கப் அச்சில் ஊற்றிக்கொள்ளுங்கள். அட்டையில் கொள்ளளவு போடாத டின்னாக இருந்தால், லிட்டர் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாம். கழலும் அடித்தட்டு உள்ள டின்களில் தண்ணீர் நிற்காது, அரிசியைக் கொட்டி அளக்க வேண்டும்.

படி 6: கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் பெரியவர்கள் பாத்திரம் வாங்குவதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் கையில் தூக்கி எடை பார்ப்பார்கள், பிறகு விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார்கள், கடைசியில்தான் விலை கேட்பார்கள். கேக் டின்னுக்கும் அந்த வரிசை பொருந்தும். கனமான டின் சூட்டைச் சமமாகப் பரப்பும். மெல்லிய தகரம் கம்பிக்கு நேரே இருக்கும் இடத்தை மட்டும் கருக்கும். டின்னின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள், ஃபிரிஜ் கதவில் ஒட்டுவது போதும். ஒட்டினால் இரும்பு சேர்ந்த உலோகம், ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை அவசியம். நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றிலும், எல்லா ஊர்களிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலும், பூச்சு ஒரு நூலளவு பெயர்ந்த இரும்பு டின் துருப்பிடிக்காமல் இருக்காது. மடித்து ஒட்டிய மூலைகளில்தான் துரு முதலில் தலைகாட்டும். அலுமினியத்துக்கு அந்தக் கவலை இல்லை. என் தேர்வு வார்ப்பு அலுமினியம். வெளிநாட்டுப் பெயருள்ளவை ஆயிரக்கணக்கில் விலை சொல்லும். நம் ஊர் பேக்கரிச் சாமான் கடைகளில் கிடைக்கும் கனமான அலுமினிய டின் அதே வேலையைச் செய்யும்.

அடுத்து, மடிப்பு. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் ஓட்டுங்கள். விரல் நுனி அடியைத் தொட வேண்டும். தொட முடியாத இடத்தில் நெய்யும் போகாது, தேய்க்கும் நாரும் போகாது, கேக் அங்கேதான் பிய்ந்து நிற்கும். முதல் டின்னுக்கு அகலமான, வளைவான மடிப்பு போதும். கோட்டை, ரோஜா, பனிப்பூ என்று நுணுக்கமாக வருபவை கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. குழாயின் உயரத்தையும் பாருங்கள்: விளிம்புக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தால் மாவு குழாய்க்குள் வழியாது.

நிறத்துக்கும் வேலை உண்டு. கறுத்த டின் சூட்டை அதிகம் இழுக்கும். அதை வாங்கினால் செய்முறையில் உள்ள சூட்டில் 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். சிலிகான் அச்சு துருப்பிடிக்காது, கேக்கும் சுலபமாகக் கழலும். ஆனால் மேல்தோல் சிவக்காது, தூக்கும்போது குழையும். பண்ட் கேக்கின் சுவையே அந்தச் சிவந்த மேல்தோல்தான் என்பதால் சிலிகானை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 7: முதல் கேக்

புது டின்னைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்தபின் உள்ளே நெய் தடவுங்கள். வெண்ணெயை விட நெய் நல்லது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்கு அருகில் தண்ணீர், கூடவே பால் திடப்பொருள், ஒட்டிக்கொள்வது அவைதான். நெய்யில் இரண்டும் காய்ச்சும்போதே போய்விடுகின்றன. உருகிய நெய்யும் மைதாவும் சம அளவு குழைத்து, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு மடிப்பிலும் குழாயிலும் தடவுங்கள். மாவு ஊற்றுவதற்குச் சற்று முன்பு தடவுவதுதான் முறை. முன்கூட்டியே தடவி வைத்தால் வழிந்து அடியில் தேங்கிவிடும்.

1.4 லிட்டர் டின்னுக்கு ஒரு பூவன் பழ கேக்: மைதா 180 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கனிந்த பழம் தோல் நீக்கி 250 கிராம் மசித்து, நாட்டுச் சர்க்கரை 120 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 100 மி.லி., கெட்டித் தயிர் 120 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். இரண்டையும் ஒன்றாக்கி, வறண்ட மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். டின்னில் ஊற்றி, அடியில் ஈரத்துணி விரித்த மேசையில் இரண்டு முறை தட்டினால் மடிப்பில் நின்ற காற்று மேலே வரும். முன்பே சூடாக்கிய ஓவனில், 170 டிகிரியில், 40 முதல் 45 நிமிடம்.

வெந்ததா என்று பார்க்கப் பல்குச்சி எட்டாது. புதுத் துடைப்பத்திலிருந்து உருவிக் கழுவிய தென்னை ஈர்க்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் அடி வரை போகும். சுத்தமாக வெளியே வந்தால் வெந்துவிட்டது.

அன்றைய தேதியில் மின் வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு இருக்கிறதா என்று காலைச் செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பொதுவாக ஓடிஜியைத் தாங்காது. கடைசிப் பத்து நிமிடத்தில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விடுங்கள், கனமான டின் தன்னிடமுள்ள சூட்டிலேயே மீதியை வேகவைத்துவிட வாய்ப்புண்டு. முதல் கால் மணி நேரத்தில் போனால் அந்த கேக் எழும்பாது.

கேக் வெளியே வந்ததும் பத்து நிமிடம் டின்னிலேயே இருக்கட்டும். உடனே கவிழ்த்தால் உடையும். முழுக்க ஆறவிட்டால் நெய் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தட்டை மேலே மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே திருப்பில் கவிழ்த்துவிடுங்கள். இறங்க மறுத்தால் கத்தியை விட்டுக் கிளறாதீர்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை டின்னின் முதுகில் இரண்டு நிமிடம் போர்த்துங்கள், இறங்கிவிடும்.

படி 8: கழுவி வைப்பது

இரும்பு நார் படக் கூடாது. வெந்நீரில் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மடிப்புகளைத் தேய்த்தால் போதும். துடைத்ததும் அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் குழாயின் அடியில் நிற்கும் ஈரம்கூட உலர்ந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் நடுவில் செய்தித்தாள் வையுங்கள். ரொட்டி டின்னையும் கூடவே வாங்கியிருந்து அது இரும்பாக இருந்தால், மழைக்காலம் முழுவதும் அதைப் பரணில் போடாமல் அடுப்பு மேடைக்குப் பக்கத்து அலமாரியிலேயே வைத்திருங்கள்.